செத்து மிதப்பதை விடுங்கள், தள்ளாடுவதைப் பிடியுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் நாலைந்து நாளாக ஜிலேபி மீன் மட்டும் செத்து ஒதுங்குகிறது. தண்ணீர்க் கோளாறா, வைரஸா?
- வாசகர், சேலம்

பதில்: 'ஜிலேபி மட்டும்' என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் போகும். ஜிலேபி அதைத் தாங்கும் மீன். ஆகவே நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஜிலேபிக்கு இன்னொரு பெயர் திலாப்பியா. 2014-ல் இஸ்ரேலில் விவரிக்கப்பட்ட திலாப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் உறுதியாகியுள்ளது. கண் மங்கும், தோல் சிவந்து புண்ணாகும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தாக்கினாலும் கிட்டத்தட்ட இதே கோலம்தான். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிதக்கும் மீனைப் பையில் போட்டு எடுத்துப் போவது வீண் வேலை. சேலத்து வெயிலில் மீனின் சொந்த நொதிகளே வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். உயிரோடு தள்ளாடும் மீன் ஐந்தாறு பிடியுங்கள். கூடவே நல்ல மீனும் ஐந்தாறு வேண்டும். மீன்வளத் துறை அலுவலரை வரவழைத்து அங்கேயே அறுக்கச் சொல்லுங்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டருக்கு மிகாத துண்டு. அதைப்போல் பத்து மடங்கு ஆர்.என்.ஏ. காப்புத் திரவத்தில் மூழ்க வேண்டும். துண்டு பெரிதானால் திரவம் உள்ளே இறங்குமுன் நடுப்பகுதி கெட்டுவிடும். திசு ஆய்வுக்கான துண்டுகள் தனியாக 10 சதவீத ஃபார்மலினில். அவற்றை உறைய வைக்கவே கூடாது; பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும்.

கேள்வி: இதுவரை யாரும் அறியாத வைரஸாக இருந்தால்?

பதில்: குறிப்பிட்ட மரபுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தெரிந்ததைத்தான் தேடும். புதியதற்குத் திசுவிலுள்ள ஆர்.என்.ஏ. முழுவதன் எழுத்து வரிசையையும் படித்தெடுப்பார்கள். பெரும்பகுதி மீனுடையதாகவே இருக்கும். அதைக் கழித்துவிட்டு, ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தம்மைப் பிரதியெடுக்கும் நொதியின் மரபணுவைத் தேடுவார்கள். குடலைச் சேர்த்தால் மீன் தின்ற பூச்சியின் வைரஸும் வந்து குழப்பும். அப்படி ஒன்று கிடைத்தாலும் அதுதான் கொன்றது என்று ஆகாது. நல்ல மீனிலும் அதே அளவு இருந்தால்? அதற்குத்தான் நல்ல மீனும் கேட்டோம். புண்பட்ட திசுவிலேயே வைரஸ் இருக்கிறதா, ஆரோக்கியமான மீனுக்குச் செலுத்தினால் அதே நோய் வருகிறதா என்று பார்த்த பிறகே முடிவு.

கேள்வி: சாப்பிடலாமா?

பதில்: திலாப்பியா ஏரி வைரஸ் மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை. ஆனால் பூச்சிமருந்து கலந்தும் மீன் சாகும். காரணம் தெரியும்வரை வேண்டாம். செத்ததைச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். வலையையும் பரிசலையும் நன்றாக வெயிலில் காயவிடாமல் அடுத்த ஏரியில் இறக்காதீர்கள்.