படகின் பேட்டரி பாதி நாளில் ஓய்வது ஏன்?

கேள்வி: பாஸ் மீன் பிடிப்பதற்கான பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் அதன் 24 வோல்ட் மின் மோட்டார் (ட்ரோலிங் மோட்டார்) நண்பகலுக்குள் வலுவிழந்துவிடுகிறது. இரண்டு பேட்டரிகளில் ஒன்றை மாற்றியும் பயனில்லை. படகின் பின்புறம் வெளியே பொருத்தப்பட்ட அவுட்போர்டு எஞ்சினின் கியர் ஆயிலும் வெளுத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றை மட்டும் மாற்றியதே சிக்கலின் ஒரு பகுதியாக இருக்கலாம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில் இயங்கும்போது, பழையது முதலில் தீர்ந்து, புதியதன் திறனையும் பயன்படவிடாமல் செய்துவிடும் என்பதால், இரண்டையும் ஒரே வகையும் ஒரே வயதும் உள்ளவையாகச் சேர்த்து மாற்றுவதே முறை. அவை நெடுநேரம் சீராக மின்சாரம் தரும் டீப் சைக்கிள் வகைதானா என்பதையும் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியின் மெல்லிய தகடுகள் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்கானவையே அன்றி, மணிக்கணக்கில் மோட்டாரைச் சுழற்றுவதற்கானவை அல்ல. முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு அளந்தால், நல்ல ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கரைக்குத் திரும்பிய அன்றே சார்ஜ் போடாமல் வாரக்கணக்கில் கிடக்கவிட்டால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். என் கணிப்பில், பேட்டரிகள் பாழாவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால், நீங்கள் கடைசியில் சொன்ன கியர் ஆயிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் தூண்டில் நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருக்கும். சீல் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து, புதிய ஆயில் நிரப்பும்வரை படகை நீரில் இறக்காதீர்கள்.