பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருந்தால்…

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகள் சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ‘525 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று அட்டைப்பெட்டியில் போட்ட தொலைநோக்கி ஒன்று அதில் பாதி விலைக்கே கிடைக்கிறது. வாங்கலாமா ஐயா?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

வேண்டாம் அம்மா. அதே எண் போட்ட பெட்டியை இருபது வருடத்துக்கு முன்னால் நானும் வாங்கினேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். வில்லையோடுதான் தினமும் பிழைப்பு. ஆனாலும் அந்த எண் என்னையும் இழுத்துவிட்டது.

525 எப்படி வருகிறது என்று பாருங்கள். குழாயின் குவியத்தூரம், அதாவது முன்வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம், 700 மில்லிமீட்டர். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 4 மில்லிமீட்டர். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதோடு, ஐபீஸின் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை வில்லையை மாட்டினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் வில்லையின் குறுக்களவு வெறும் 60 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் வழக்கமான உச்ச அளவு. ஆக, 120 மடங்குக்கு மேல் அந்த வில்லையிடம் சரக்கு இல்லை. அதற்கு மேல் பெரிதாக்குவது பாஸ்போர்ட் போட்டோவை பிளெக்ஸ் பேனராக அடிப்பது மாதிரி. முகம் பெரிதாகும், மூக்கு எது வாய் எது என்று தெரியாது.

அதைவிடப் பெரிய வேதனை அதன் கால்கள். பென்சில் கனத்துக்கு மூன்று அலுமினியக் குழாய்கள். மொட்டை மாடியில் வைத்து, என் மகன் முதல் ஆளாகக் குனிந்தான். போகஸ் திருகில் விரல் பட்டதும் சனிக்கோள் குதித்தது. கையை எடுத்து, ஆட்டம் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடங்கிய நேரத்தில் கோள் பார்வையை விட்டே நகர்ந்துபோயிருந்தது. பூமி சுற்றுகிறதல்லவா? அவ்வளவு பெரிதாக்கினால் சுமார் இருபது விநாடியில் எந்தக் கோளும் வெளியே ஓடிவிடும். அரை மணி நேரம் போராடிவிட்டு, “ஒண்ணும் தெரியலப்பா” என்று படியிறங்கினான். அப்புறம் பல வருடம் அவன் மாடிப்பக்கம் வரவில்லை. உங்கள் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “வாய் அகலம் எத்தனை?” வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம். முன்வில்லைக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கிகள் உண்டு, அந்தக் கண்ணாடிதான் ஆடி. 130 மில்லிமீட்டர் ஆடி, 60 மில்லிமீட்டர் வில்லையைப்போல நாலரை மடங்குக்கும் மேல் ஒளியை வாங்கும். இரண்டாவது கேள்வி: “ஆடாமல் நிற்குமா?” இந்த இரண்டுக்கும் சேர்த்து என் பதில், மேஜைமேல் வைக்கும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. அடியில் சுழலும் பலகை, பக்கத்தில் ஒரு மரத்தாங்கி, அவ்வளவுதான். கையால் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல், பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தானே தேய்த்து ஆடி செய்தார். நடைபாதையில் தொலைநோக்கியை வைத்துப் போவோர் வருவோரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். கண்ணாடி தேய்க்கும் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான், எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

அதில் நீங்கள் கேட்க வேண்டிய அளவு: 130 மில்லிமீட்டர் வாய், 650 மில்லிமீட்டர் குவியத்தூரம், 25, 10 மில்லிமீட்டர் ஐபீஸ் இரண்டு. 26 மடங்கும் 65 மடங்கும் கிடைக்கும். சனியின் வளையத்துக்கு அந்த 65 போதும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிப் போயிருந்தது. இனி வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டே வரும், நல்ல காலத்தில்தான் கேட்கிறாள்.

உங்கள் தொகைக்குள் அது வராவிட்டால் அளவைக் குறைத்துக்கொண்டு வாங்காதீர்கள். இப்போதைக்கு 10x50 (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் வாய்) பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியைச் சேருங்கள். அதில் வளையம் தெரியாது, அதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிகிற இடத்தில் டஜன் கணக்கில் கொட்டிக் கிடக்கும். சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் புள்ளியாகத் தெரியும். வானத்தில் எது எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டபின் தொலைநோக்கி வந்தால், முதல் நாளே தானாகத் திருப்பிப் பிடித்துவிடுவாள்.

தொலைநோக்கி வந்த அன்று பௌர்ணமி நிலாவைக் காட்டாதீர்கள். நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டாக இருக்கும். காலண்டரில் வளர்பிறை அஷ்டமி பார்த்து, இருளும் ஒளியும் சேரும் கோட்டோரம் திருப்புங்கள். பள்ளங்களின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல நிற்கும்.

கேள்வி: 130 மி.மீ. தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஐபீஸில் சிலந்தி வலைபோல வெள்ளைக் கோடுகள் வந்திருக்கின்றன. துணியால் துடைக்கலாமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பூஞ்சை ஐயா. கடலோர ஈரத்தில் கேமரா வில்லைகளுக்கும் இதே கதைதான். துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். லென்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆடியைத் தொடவே வேண்டாம், அதன் அலுமினியப் பூச்சு கண்ணாடிக்கு முன்பக்கத்தில் இருக்கிறது. இனிமேல் பார்த்து முடித்ததும் உடனே மூடிவிடாதீர்கள். பனி காயும்வரை வீட்டுக்குள் திறந்து வைத்துவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஐபீஸை வையுங்கள்.

கேள்வி: தொலைநோக்கியோடு, ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. ‘சூரியன்’ என்று எழுதியிருக்கிறது. பயன்படுத்தலாமா?
– ஒரு மாணவர், ஆலங்குளம்

கூடவே கூடாது தம்பி. வாய் முழுக்க வாங்கிய வெயில் குவிந்து விழுகிற இடம் அது. சூட்டில் அந்தக் கண்ணாடி வெடித்தால், கண்ணை எடுக்கும் முன்பே பார்வை போய்விடும். இன்றைக்கே உடைத்துத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடு. சூரியனுக்கு என்றே செய்த, குழாயின் முகப்பு முழுவதையும் மூடும் வடிகட்டி மட்டும்தான் வழி. ஒவ்வொரு தடவையும் மாட்டுமுன் அதை வெளிச்சத்தில் பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார். பக்கத்தில் இருக்கும், குறிபார்க்க உதவும் சின்னத் தேடுகுழாயையும் மறந்துவிடாதே. அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வெயிலில் இறங்க வேண்டும்.