பாதிப் பாரத்துக்கே வடம் அறுமா?

கேள்வி: கிணற்றை ஆழப்படுத்த கிரேன் விட்டிருக்கிறோம். தொட்டியும் மண்ணுமாகச் சேர்த்து 500 கிலோ. இரும்பு வடம் ஒரு டன் தாங்கும் என்று சொல்லித்தான் வாங்கினோம். போன வாரம் தொட்டி கிளம்பும்போதே அறுந்துவிட்டது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. பாதிப் பாரத்துக்கே எப்படிங்க அறும்?
- பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆள் இல்லை என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கோயமுத்தூர் பவுண்டரிகளில் முப்பது வருஷம் ஹாய்ஸ்ட், அதாவது பாரம் தூக்கும் இயந்திரம், பார்த்தவன் நான். வடம் அறுகிற சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

தொட்டி அசையாமல் தொங்கினால் வடத்தில் இழுவிசை 500 × 9.8 (பூமியின் ஈர்ப்பு முடுக்கம்), அதாவது 4,900 நியூட்டன். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தாலும் அதேதான். வேகம் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. அப்போது 9.8-உடன் முடுக்கத்தையும், அதாவது நொடிக்கு எவ்வளவு வேகம் கூடுகிறது என்பதையும், கூட்டி, அதன்பிறகு கிலோவில் உள்ள நிறையால் பெருக்க வேண்டும்.

உங்கள் தொட்டி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நொடியில் அந்த வேகத்தை எட்டினால் முடுக்கம் 2. இழுவிசை 500 × 11.8 = 5,900 நியூட்டன். சுமார் 600 கிலோ தொங்குவது மாதிரி. பயமில்லை. டிரைவர் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு, அதே வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால்? முடுக்கம் 10. 500 × 19.8 = 9,900 நியூட்டன். ஆயிரத்துப் பத்து கிலோ! மண் ஒரு கூடைகூடக் கூடவில்லை, ஆனால் உங்கள் ஒரு டன் முடிந்துபோனது. வடம் தொய்ந்து கிடந்து சட்டென்று இறுகினால் இதற்கும் மேலே போகும். இறங்குகிற தொட்டியைப் பிரேக் அடித்து நிறுத்தினாலும் இதே கதைதான்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். சால், அதாவது இறைக்கும் பாத்திரம், தண்ணீரில் முங்கியதும் மாட்டை அதட்டமாட்டார். வடம் இறுகட்டும் என்று ஓர் அடி மெதுவாக நடக்கவிட்டு, அப்புறம்தான் ‘ஹை’ என்பார். உங்கள் டிரைவரும் அதையே செய்யட்டும். முதலில் தொய்வை எடுக்க வேண்டும், தொட்டி தரையை விட்டுக் கிளம்பியதும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும், பிறகு ஏற்றலாம்.

வடம் வாங்கும்போது, அறுகிற பாரம் எவ்வளவு என்று கேளுங்கள். தூக்கும் பாரத்தைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். உங்களுக்கு 2,500 கிலோ. தொட்டியில் ஆள் ஏறி இறங்குகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டு மறுபடி மாட்டாதீர்கள், மிச்சமும் அதே வெடுக்கைத் தாங்கியதுதானே. முழுசாக மாற்றிவிடுங்கள்.