அல்பெண்டசோல் கேட்காத ஆடுகளுக்கு மூலிகைச் சாறு போதுமா?

கேள்வி: என்னிடம் 24 வெள்ளாடுகள் உள்ளன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆடுகளுக்கும் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கொடுத்து வருகிறேன். முன்பு மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் ஆடுகள் தெளிந்துவிடும். இப்போது எந்த மாற்றமும் தெரிவதில்லை. அதனால் வேப்பிலை, பாகல் இலை, தும்பை, பூண்டு, வாய்விளங்கம் ஆகியவற்றை அரைத்து, நீரில் காய்ச்சி, வடிகட்டிக் கொடுத்தேன். மறுநாளே சில குட்டிகளின் புழுக்கையோடு வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் வந்தன. ஆனால் மூன்று பெரிய ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை போல வீக்கம் தொங்குகிறது; அவற்றுக்குக் கழிச்சல் இல்லை. மந்தையில் இரண்டு ஆடுகள் சினையாக உள்ளன. ஆங்கில மருந்தை அடியோடு நிறுத்திவிட்டு மூலிகைச் சாற்றையே தொடரலாமா? எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: தாடை வீங்கிய அந்த மூன்று ஆடுகளுக்கும் இனி மூலிகைச் சாறு கொடுக்க வேண்டாம். அவற்றை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, அல்பெண்டசோல் வகையைச் சேராத வேறொரு குடற்புழு மருந்தை, எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். சாற்றைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விரிவாகவே பதில் தருகிறேன். ஆனால் அந்த மூன்று ஆடுகளும் அதுவரை காத்திருக்கும் நிலையில் இல்லை.

கழிச்சல் இல்லாமல் தாடையில் நீர் கோத்திருப்பது, ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப்புழுவைத்தான் முதலில் நினைக்க வைக்கிறது. கல்லீரல் தட்டைப்புழுவாலும் இவ்வீக்கம் வரலாம் என்பதால் மருத்துவர் அதையும் பார்ப்பார். ஹீமாங்கஸ் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தைக் குடிக்கிறது அல்லது கசியவிடுகிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் 50 மில்லி போகிறது. 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். இரத்தத்தோடு புரதமும் வெளியேறுவதால் நீர் தாடைக்கடியில் வந்து தங்குகிறது. பெண்புழு ஒன்று ஒரே நாளில் 5,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, நோய் பரப்பும் இளம்புழு புல்லில் ஏறிவிடும். அதைத் தின்ற ஆட்டின் வயிற்றில் சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும்.

மற்ற ஆடுகளின் நிலையைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றின் கண் இமையையும் பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், கட்டைவிரலால் மேல் இமையை மூடிக் கண்ணின் மீது இலேசாக அழுத்தி, மற்றொரு கையால் கீழ் இமையைக் கீழே இழுத்தால், உள்சவ்வு வெளியே பிதுங்கும். அந்த ஒரு நொடியில் தெரியும் நிறத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அதிக நேரம் திறந்து வைத்திருந்தால் சவ்வு சிவந்து, தவறான நிறத்தைக் காட்டும். இரண்டு கண்களையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்னும் நிற அட்டையில் செஞ்சிவப்பு 1, வெளுத்த நிறம் 5 என்று ஐந்து படிகள் உள்ளன. முதல் இரண்டு படிகளில் உள்ள ஆட்டுக்கு மருந்து தேவையில்லை. 4, 5 என்றால் மருந்து கட்டாயம். மூன்றாம் படியில் உள்ளது குட்டியாகவோ, சினையாகவோ, மெலிந்ததாகவோ இருந்தால் மருந்து கொடுப்பதே நல்லது. உண்ணித் தொல்லை முதலிய வேறு காரணங்களாலும் இமை வெளுக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, உங்களுக்கு நம்பிக்கை தந்த அந்த வெள்ளைத் துண்டுகள். அவை பெரும்பாலும் நாடாப்புழுவின் கண்ணிகள். குட்டிகளின் குடலில் உள்ள நாடாப்புழு, எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் முதிர்ந்த கண்ணிகளைத் தானாகவே உதிர்க்கும். அதனால் குட்டிகளுக்குப் பெரிய கேடும் வருவதில்லை. ஆட்டைக் கொல்லும் ஹீமாங்கஸோ மெல்லிய நூல் போன்றது. பெண்புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம்தான். அது புழுக்கையில் கண்ணுக்குத் தெரியும்படி வருவதில்லை. இறந்த ஆட்டின் இரைப்பையைத் திறந்தால்தான் வெள்ளையும் சிவப்புமாக முறுக்கிய இழைகளாகத் தெரியும். ஆகவே புழுக்கையில் வரும் துண்டுகளைக் கொண்டு, எந்த மருந்தும் பலித்தது என்று முடிவு செய்யக் கூடாது.

இனி மூலிகைகளுக்கு வருகிறேன். தாவரங்களில் புழுவைக் கொல்லும் பொருள்கள் உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பாக்கிலுள்ள அரிக்கோலின் நாடாப்புழுவைச் செயலிழக்கச் செய்து, குடலையும் வேகமாக இயங்க வைத்து வெளியே தள்ளும். நாய்களின் நாடாப்புழுவுக்கு அது நெடுங்காலம் மருந்தாகவே இருந்தது. ஆர்ட்டிமீசியா வகைச் செடியிலிருந்து 1830-இல் பிரித்தெடுத்த சான்டோனின், மனிதருக்கு உருண்டைப்புழு மருந்தாகப் பல தலைமுறை பயன்பட்டது. ஆனால் சான்டோனின் அளவு மீறியபோது பார்த்ததெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நாடாப்புழுவுக்குக் கொடுத்த ஆண் பெரணி, மாடுகளின் பார்வையையே பறித்திருக்கிறது. இவை கைவிடப்பட்டதற்குக் காரணம் புழு சாகவில்லை என்பதன்று; புழுவைக் கொல்லும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்பதே. இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு சாறு ஆய்வுக்கூடத்தில் பலித்தாலும் ஆட்டின் வயிற்றில் ஏன் பலிக்காமல் போகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது மிக அவசியம். கண்ணாடித் தட்டில் புழு முட்டைகளின் மீது செறிவான சாற்றை நேராக ஊற்றினால் எத்தனையோ செடிகள் முட்டை பொரிவதைத் தடுத்துவிடும். ஆட்டுக்குப் புகட்டிய சாறு முதலில் பல லிட்டர் கொள்ளும் பெருவயிற்றில் நீர்த்துப் போகிறது. அங்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கின்றன. மிஞ்சியதுதான் நான்காம் இரைப்பையில் ஒட்டியிருக்கும் புழுவை எட்டுகிறது. இதனால்தான் வேப்பிலை, பூண்டு இரண்டும் தட்டில் நன்றாகத் தெரிந்தும், ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன.

சாறு எடுக்கும் முறையும் பலனை மாற்றிவிடும். வாய்விளங்கத்தின் முதன்மைப் பொருளான எம்பெலின் நீரில் எளிதில் கரையாது. நீங்கள் நீரில் காய்ச்சி வடிகட்டியபோது, அதில் பெரும்பகுதி சக்கையோடு கீழே போயிருக்கும். வேம்பின் அசாடிராக்டின் சூட்டிலும் வெயிலிலும் சிதையக் கூடியது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கண்டறியப்பட்ட வரலாறும் இதையே காட்டுகிறது: செடியைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாகப் பலிக்காதபோது, து யூயூ என்ற சீன அறிவியலாளர் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார், அதன் பின்னரே மருந்து கைக்கு வந்தது, அதற்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செடியின் வயது, பறித்த பருவம், மண் ஆகியவற்றாலும் ஒரே செடியின் வீரியம் மாறுபடும். எனவே உங்கள் கலவைக்கு ‘இத்தனை மில்லி’ என்று நான் ஓர் அளவை எழுதினால், அது உங்களை ஏமாற்றுவதாகவே முடியும்.

அப்படியானால் ஒன்றுமே உதவாதா என்றால், உதவும். எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது சாற்றின் மீதன்று, டானின் மிகுந்த தழையின் மீது. கருவேலம் போன்ற துவர்ப்பு மரங்களின் தழையிலுள்ள டானின், புழுவின் புரதங்களோடு பிணைந்து, இளம்புழு தன் மேலுறையைக் கழற்றி வயிற்றில் நிலைகொள்வதைத் தடுக்கிறது. பெண்புழு இடும் முட்டையையும் குறைக்கிறது. டானினைப் பிணைத்துவிடும் பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்தால் இந்தப் பலன் மறைந்துவிடுவதால், வேலை செய்வது டானின்தான் என்பது உறுதி. இது அன்றாடத் தீவனமாகத் தொடர்ந்து உள்ளே போக வேண்டிய பொருள். ஒருநாள் புகட்டி நிறுத்துவதால் பயனில்லை. தீவனத்தின் உலர் எடையில் டானின் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆடு தின்பது குறையும், புரதச் செரிமானமும் கெடும் என்பதால், மற்ற பசுந்தீவனத்தோடு கலந்தே கொடுங்கள். பப்பாளிப் பாலிலுள்ள நொதிகள் புழுவின் மேல்தோலையே கரைப்பதும், செம்மறிகளில் அதற்குப் பலன் தெரிந்ததும் உண்மைதான். ஆனால் அதைப் பாதுகாப்பான அளவில் வீட்டில் தயாரிக்க வழியில்லை.

கசப்பாக இருப்பதெல்லாம் புழுவுக்கு மருந்து என்று எண்ணி எருக்கு, அரளி, ஊமத்தை, எட்டி, புகையிலை ஆகியவற்றைச் சாற்றில் சேர்க்கவே கூடாது. அரளி, எருக்கு இரண்டிலும் இதயத்தை நிறுத்தக் கூடிய நச்சு உள்ளது. எந்தச் சாறானாலும் தலையை மிக உயர்த்திப் பிடித்து அவசரமாக ஊற்றினால் புரையேறி, நுரையீரல் அழற்சியில் ஆடு இறந்துபோகும்.

அல்பெண்டசோல் ஏன் கேட்காமல் போனது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் வந்த சில ஆண்டுகளிலேயே, அதற்கு அடங்காத புழுக்கள் தோன்றிவிட்டன. ஒரே மருந்தை எல்லா ஆடுகளுக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது அடங்கும் புழுக்கள் மட்டும் செத்து, அடங்காதவை பெருகுகின்றன. வெள்ளாடு செம்மறியைவிட வேகமாக மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுவதால், செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போவது இந்தக் கேட்டை விரைவுபடுத்துகிறது. குத்துமதிப்பாக இல்லாமல், எடை பார்த்து, மருத்துவர் வெள்ளாட்டுக்கென்று சொல்லும் அளவை, நாக்கின் பின்புறத்தில் விழும்படி புகட்டுங்கள். இமை வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் கொடுங்கள். பொதுவாக ஒரு மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி ஒரு சில ஆடுகளிலேயே இருப்பதால், மற்றவற்றை விட்டுவைப்பதில் நட்டமில்லை. மருந்துக்கு அடங்கும் புழுவினமும் அவற்றில் எஞ்சியிருக்கும்.

உங்கள் சாற்றின் மீது உங்களுக்குள்ள நம்பிக்கையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இமை சிவப்பாக உள்ள, சினையில்லாத ஆடுகளில் ஒரு பாதிக்குச் சாறு கொடுங்கள். மறு பாதிக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். இரண்டு பிரிவும் ஒரே இடத்தில் மேயட்டும். கொடுக்கும் நாளிலும், 10 முதல் 14 நாள் கழித்தும், தரையில் கிடப்பதை எடுக்காமல், உறையணிந்த விரலால் ஆசனவாயிலிருந்தே புழுக்கையை எடுத்து, தனித்தனிப் பையில் காற்றின்றிக் கட்டி, குளிர்ச்சியாக வைத்து, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி முட்டை எண்ணிக்கை பாருங்கள். சாறு குடித்த பிரிவில் மட்டும் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தால் தொடருங்கள்; இரண்டிலும் ஒரே போக்கு இருந்தால் அந்தச் சாற்றை விட்டுவிடுங்கள். புதிய மருந்துக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்: முட்டை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்திருந்தால் அதற்கும் புழு அடங்கவில்லை என்று பொருள்.

மேய்ச்சலில் ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே பெரும்பயன் உண்டு. இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடி 5 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், தரையோடு கறம்பும் அளவுக்கு ஓரிடத்திலேயே மேய விடாமல், உயரத் தழையாக வெட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள். பனி காய்ந்த பிறகு ஓட்டிச் செல்லுங்கள். புரதம் நிறைந்த தீவனம் பெறும் ஆடு புழுவைத் தாங்கும் வலிமையும் பெறும். குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால் அதைப் புழு என்று முடிவு கட்டாதீர்கள். இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி புழு மருந்துக்குக் கேட்காது, சாற்றுக்கும் கேட்காது.

சினையாக உள்ள இரண்டு ஆடுகளுக்கு எந்தச் செறிவான சாறும் வேண்டாம். வேம்பு, பாகல், பப்பாளி மூன்றும் கருவுக்கு ஆகாதவை. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோலும் கருவின் உறுப்புகளைக் கெடுக்கும் என்பதால், அவை எப்போது கிடாயோடு சேர்ந்தன என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குட்டி ஈனும் நாளை ஒட்டித் தாயின் எதிர்ப்புத்திறன் தளர்ந்து முட்டை எண்ணிக்கை ஏறும். ஆகவே அந்த இரண்டின் இமைகளை, ஈனுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள்.