அப்பாயியின் மூன்று மா

அன்புள்ள ஐயா,

கீழ்வெண்மணி நினைவு நாளையொட்டி, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பற்றி நீங்கள் எழுதியதை என் அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாயிக்கு அவருடைய லாஃப்டி அமைப்பின் மூலம் ஒரு ஏக்கர் கிடைத்தது. அவர் "மூணு மா" என்றுதான் சொல்வார். பத்திரம் ஒரு பிஸ்கட் டின்னில், அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. தாத்தா போனபின் அந்த நிலத்தை வைத்துத்தான் நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஊருக்கு உழைத்த பெண்ணைத்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். அப்பாயி எந்த ஊர்வலத்துக்கும் போனதில்லை, வீட்டுக்குத்தான் உழைத்தார். அந்த வாழ்க்கை ஒரு படி கீழேயா? இன்னொன்று, என் சித்தப்பா கட்சிக்காரர். "பண்ணையாருக்குக் காசு கொடுத்து நிலம் வாங்குறது என்ன போராட்டம்? அது சும்மா வரவேண்டிய நிலம்" என்கிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பத்திரம் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. லேமினேஷன் செய்யலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

சித்தப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலவுடைமைக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்தது 1961இல். 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். ஒழுங்காக நடந்திருந்தால் மிஞ்சிய நிலம் நிலமில்லாதவருக்குப் போயிருக்கும், யாரும் யாரிடமும் விலை பேசவேண்டி வந்திருக்காது. ஆனால் நிலம் பினாமி பெயருக்கும் அறக்கட்டளைப் பெயருக்கும் போய் ஒளிந்துகொண்டது. கீழ்வெண்மணியில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நின்றதும் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம்தான். 1968 டிசம்பர் 25 இரவு நிலக்காரர்களின் ஆட்கள் வைத்த தீயில் ஒரே குடிசைக்குள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிந்தார்கள். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அதற்குப் பிறகுதான் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். இதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது அவர்களுக்கே மரியாதை இல்லை.

வந்தபின் அந்த அம்மாள் செய்த வேலை, படத்தில் காட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவ்வளவும் அலுவலக வேலை. 1981இல் லாஃப்டியைத் தொடங்கினார்கள். உழுபவரின் விடுதலைக்கு நிலம் என்பதுதான் அதன் பெயரே. நிலக்காரரையும் நிலமில்லாதவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விலை பேசவேண்டும். விலைப் பணத்துக்கு வங்கியில் கடன் வாங்கவேண்டும். கூலிக்காரிக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று வங்கிகள் தயங்கின. அதைத் தாண்டினால் முத்திரைத்தாள் செலவு. ஒரு ஏக்கர் வாங்குகிறவளுக்கு அது இன்னொரு கடன். வாங்கியபின் கூட்டாகச் சாகுபடி செய்து தவணையைக் கட்டவேண்டும். சாகுபடி இல்லாத மாதங்களில் பாய் முடைதல், தையல், கொத்துவேலை என்று கைத்தொழில் பயிற்சிகள். இப்படியே அலைந்து 2007க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர். டெல்டாவின் பரப்பில் இது சின்னத் துண்டு என்று சித்தப்பா சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துண்டுக்குள் உங்கள் அப்பாயியின் மூன்று மாவும் இருக்கிறது. சட்டம் முழுசாக வரும்வரை அவர் காத்திருந்தால் நான்கு பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருக்கும்?

அந்த டின்னைத் திறந்து ஒன்று பாருங்கள். கிரயம் யார் பெயரில்? தாத்தா உயிரோடு இருந்தபோதே வாங்கியது என்றாலும் அப்பாயி பெயரில்தான் இருக்கும். நிலத்தைப் பெண்கள் பெயரில் எழுதவேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் பிடிவாதமாக இருந்தார். ஆண் பெயரில் இருந்தால் ஒரு கல்யாணத்துக்கோ கள்ளுக்கோ அடமானம் போய்விடும் என்பது கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இங்கேதான் உங்கள் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். வீடு வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பேச ஓரளவு சொத்து வேண்டும். பழைய கீழத்தஞ்சையின் பண்ணையாள் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குடிசை நிற்பது மிராசுதாரரின் மனையில். முறைத்துக்கொண்டால் மறுநாள் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். பையன் பள்ளிக்கூடம் போகாமல் பண்ணை மாட்டை மேய்ப்பான். பெண்டாட்டி நடவுக்கு எப்போது போவது என்பதைக் காரியக்காரர் சொல்வார். இதில் எது அவர்களுடைய குடும்பம்? குடியிருக்கும் மனையே குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது 1971இல்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தன் வீட்டைத் தன் வீடாக ஆக்கிக்கொண்டால் அதுவே ஊர்க்காரியம்.

கிருஷ்ணம்மாளும் இதை வீட்டிலிருந்துதான் கற்றார். 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். வயிற்றுப் பிள்ளையோடு மாதம் நெருங்கும்போதும் அம்மா நாகம்மாள் உடம்பு ஒடிய வேலை செய்ததைப் பார்த்து வளர்ந்தார். அந்தக் காட்சிதான் அவரை ஊருக்குள் இறக்கியது என்று நினைக்கிறேன். பிறகு பட்டப்படிப்பு. ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை, வேறு சாதி; சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950இல் செய்துகொண்டார்கள். உடனே அவர், நிலக்காரர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்த வினோபாவின் பூதான யாத்திரைக்கு வடக்கே போய்விட்டார். இவர் சென்னையில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். இவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் மருத்துவர்கள். வீட்டைக் கைவிட்டு ஊரைப் பார்த்தவர் என்ற படம் இதில் எங்கே பொருந்துகிறது?

விருதுகள் நிறைய: 1989 பத்மஸ்ரீ, 2008இல் கணவரோடு சேர்ந்து ஸ்வீடனின் வாழ்வுரிமை விருது, 2020 பத்மபூஷண். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது இறால் பண்ணை வழக்கு. 1990களில் கடலோர வயல்களை வளைத்துக் குளம் வெட்டி உப்புநீர் நிரப்பினார்கள். உப்பு அடியில் இறங்கிப் பக்கத்து வயலையும் குடிநீரையும் கெடுத்தது. இன்னொரு சங்கதியும் உண்டு: நடவு, களை, அறுப்பு என்று வயல் பெண்களுக்கு வேலை கொடுக்கும், இறால் குளத்துக்கு ஒரு காவல்காரன் போதும். ஜெகந்நாதன் பெயரில் வழக்கு, ஊர் ஊராக மறியலில் பெண்கள். 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அப்படிப்பட்ட பண்ணைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முழுசாக நடந்ததா என்றால் இல்லை. சித்தப்பாவுக்கு இதிலும் ஒரு பாயிண்ட் கிடைக்கும்.

லேமினேஷன் மட்டும் வேண்டாம் அம்மா. என் அப்பாவின் பழைய பத்திரத்தை ஆசையாகக் கொடுத்தேன். சூட்டில் முத்திரை மை பிளாஸ்டிக்கோடு ஒட்டி, சர்வே எண் இருந்த வரி கறுப்புத் தீற்றலாகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு ஒரு நகல் வாங்கி வையுங்கள். மூலத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வையுங்கள். டின்னிலிருந்து எடுக்க அப்பாயி விடுவாரா என்பது வேறு விஷயம்.

அன்புடன்.