சிஸ்டர், ஒரு சந்தேகம்: வலிக்காத இடத்தில் வரும் புண்

31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் சிஸ்டர், படுக்கைப் புண், கால் புண் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

என் வீட்டுக்காரருக்கு 38 வயது. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியபோது ஏணி சாய்ந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அளவில் வந்த புண், இப்போது எலுமிச்சம்பழ அளவு ஆகிவிட்டது. புண் காய வேண்டும் என்று காப்பித்தூள் வைத்தோம், மஞ்சள் வைத்தோம். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைக்கிறோம். வாரம் இரண்டு தடவை ஜீப்பில் சேலத்துக்கு இறக்கிக் கட்டுப் போட்டு வருகிறோம். சீக்கிரம் ஆற என்ன மருந்து போடலாம்?
– வாசகி, ஏற்காடு

அம்மா, புண்ணில் என்னென்ன வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நீங்களும் நானும் ராத்திரி தூக்கத்திலேயே பல தடவை புரளுகிறோம். ஒரு பக்கம் அழுந்தினால் உடம்பே நம்மைத் திருப்பிவிடும். அவருக்கு அந்தச் சேதி மேலே போவதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது, ரத்தம் நின்றுபோகிறது, சில மணி நேரத்தில் அந்தச் சதை செத்துவிடுகிறது. பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் முதலில் சாகும். அதனால்தான் வெளியே ஒரு ரூபாயாகத் தெரிந்தது உள்ளே உள்ளங்கை அகலம் இருக்கும். நீங்கள் பார்க்கப் பார்க்கப் புண் பெரிதானது மருந்து சரியில்லாததால் என்று நினைக்காதீர்கள். அதே இடம் தினமும் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பனை மரத்திலிருந்து விழுந்த ஒரு பையன் என் வார்டில் இருந்தான். 19 வயது. வால் எலும்பின் மேல் தோல் லேசாகக் கன்றியிருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தேன், பவுடர் போட்டேன், இதே காற்று வளையத்தை இடுப்புக்கு அடியில் வைத்தேன். பதினோராவது நாள் தேய்க்கும்போது தோல் என் விரலோடு வந்துவிட்டது. அவனுக்கு வலிக்கவில்லை. "என்ன சிஸ்டர், நிறுத்திட்டீங்க?" என்று கேட்டான். கன்றிய இடத்தைத் தேய்த்தால் உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் நையும் என்றும், வளையம் சுற்றிலும் இறுக்கி நடுவில் இருக்கும் தோலுக்கு வருகிற ரத்தத்தையும் தடுக்கும் என்றும் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், அந்த வளையத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். யாருக்கும் இரவல் கொடுத்துவிடவும் வேண்டாம்.

புண் ஆறும்வரை அவர் மல்லாந்து படுக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பு எலும்பின் முட்டு அழுந்தி அங்கே புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைகொடுத்து, 30 டிகிரி சாய்வில், பாதி மல்லாந்த மாதிரி நிறுத்துங்கள். வால் எலும்புக்கு அடியில் உங்கள் கை தாராளமாகப் போக வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் படுக்கையைத் தொடாதபடி. ஆபரேஷன் செய்த டாக்டர் சம்மதித்தால் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது ரொம்ப நல்லது. தலைமாட்டை உயரமாகத் தூக்கி வைக்காதீர்கள், உடம்பு கீழே சறுக்கும். புரட்டும்போதும் இழுக்கக் கூடாது. ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்து அடியில் விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

ராத்திரியும் இரண்டு மணிக்கு ஒரு தடவையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இப்போதைக்கு ஆமாம். முதுகுத் தண்டில் அடிபட்டவர்கள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் வந்து, பகலும் இரவும் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார். அவருடைய நோயாளிகள் பிழைத்து எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் நீங்கள் ஒருத்தியே முழு ராத்திரியும் கண் விழித்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடுவீர்கள். மாமியார், கொழுந்தனார், பெரிய பிள்ளை, யார் இருந்தாலும் முறை வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு காலண்டர் அட்டையை மாட்டி, மணியும் பக்கமும் எழுதி வையுங்கள்.

அடுத்தது அந்த ஜீப். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் தள்ளும், தோல் சீட்டோடு ஒட்டி நிற்கும், எலும்பு உள்ளே நகரும். வாரம் முழுக்க நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த சதை அந்த ஒரு மணி நேரத்தில் கிழிந்துவிடும். கட்டுப் போட மட்டும் என்றால் அவரை இறக்கவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இறங்கியே ஆக வேண்டிய நாளில் பின் சீட்டில் மெத்தை போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

புண்ணைக் கழுவ, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போதும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். நுரைக்கிற மருந்தும் (ஹைட்ரஜன் பெராக்சைடு) ஸ்பிரிட்டும் புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கொல்லும். காப்பித்தூள் வேண்டவே வேண்டாம் அம்மா. உங்கள் தோட்டத்துப் பொடியாகவே இருந்தாலும் அது புண்ணில் அடையாக ஒட்டி அடியில் நடப்பதை மறைத்துவிடும். 'காய வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தமான புண் லேசான ஈரத்தில்தான் ஆறும். சுற்றியுள்ள தோல்தான் காய்ந்திருக்க வேண்டும், முக்கியமாகச் சிறுநீர் படாமல்.

பத்தியம் வைத்திருக்கிறீர்களா? முட்டை, பருப்பு, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று சொல்லி ரசம் சாதத்தில் நிறுத்திவிடும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புண்ணிலிருந்து தினமும் புரதம் வடிந்து போகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாத 55 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை, கொள்ளு, நிலக்கடலை, தயிர், வாரம் இரண்டு நாள் மீன், எல்லாம் கொடுங்கள்.

காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, புண்ணின் தரை கறுத்தாலோ, எலும்பு தெரிந்தாலோ அன்றே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். செத்த சதையை வெட்டி எடுக்காமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

நான் நெசவாளி, வயது 56. சர்க்கரை வந்து 14 வருடம். கால் பெருவிரலுக்கு அடியில் காய்ப்பு வந்து, அதற்குள்ளிருந்து தண்ணீர் வடிகிறது. துளிகூட வலியில்லை. அதனால் தறி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பிளேடால் காய்ப்பை நானே சீவிவிடுகிறேன். சரிதானே?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

சரியில்லை அண்ணா. வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயம் தருகிறது. சர்க்கரையால் காலின் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. குழித்தறியில் வெறுங்காலோடு மிதிகட்டையை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அழுத்துகிறீர்கள்? எல்லாம் அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது.

இந்த உண்மையை உலகத்துக்கு விளக்கியவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம்தான். 1946இல் வேலூருக்கு வந்து, அங்கே தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நோயால் விரல் அழுகி விழுகிறது என்று ஊரே நம்பிய காலத்தில், உணர்ச்சி இல்லாத காலைத் தெரியாமல் அடித்தும் அழுத்தியும் கெடுத்துக்கொள்வதால்தான் புண் வருகிறது என்று காட்டினார். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரவலாக்கியதும், வருடக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. இன்றைக்குச் சர்க்கரைக் கால் புண்ணுக்கும் அதே வைத்தியம்தான் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

ஆகவே பிளேடைத் தொடாதீர்கள். அந்தக் காய்ப்பைச் சீவ வேண்டியவர் டாக்டர். புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆறும்வரை அந்தக் காலால் மிதிக்கக் கூடாது. கூலி போகும் என்று தெரியும். தறியில் மகனோ தம்பியோ உட்காரட்டும், நீங்கள் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுங்கள். ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு போடுங்கள், வீட்டுக்குள்ளேயும். மிதிகட்டைக்கும் அதே ரப்பரை வெட்டி ஒட்டலாம். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். இரண்டு காலையும் புறங்கையால் தொடுங்கள். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால், தோல் நன்றாகவே இருந்தாலும், மறுநாள் தறி வேண்டாம்.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் காற்று மெத்தை வாங்கிவிட்டோம். இனியும் புரட்ட வேண்டுமா? அம்மா கறுப்பு நிறம், தோல் சிவப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சூரமங்கலம்

புரட்ட வேண்டும் தம்பி. மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா ஓடியோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையால் தொடுங்கள்: சூடு, கெட்டி, கொழகொழப்பு, மூன்றில் எது இருந்தாலும் எச்சரிக்கை. அம்மாவை அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

மெத்தையையும் சோதியுங்கள். அம்மா படுத்திருக்கும்போதே, இடுப்புக்கு நேராக, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல் பார்க்க விட்டு நுழையுங்கள். உங்கள் கைக்கும் அம்மாவின் எலும்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு உங்கள் கையில் தட்டினால் காற்று போதவில்லை. பம்பைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் தட்டினால் பில்லோடு கடைக்கு எடுத்துப் போய் மாற்றி வாங்குங்கள்.