தென்னையில் வெள்ளை ஈ: மருந்தை எடுக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அடி ஓலைகள் எல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. மரம் பட்டுப்போகுமா?

பதில்: பட்டுப்போகாது. சுருள் வெள்ளை ஈ ஓலையின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழே சொட்டும். அதன்மேல் வளர்வதுதான் இந்தக் கரும்பூசணம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டுத் தெளியுங்கள். காய்ந்ததும் பூசணம் செதிலாக உரிந்து விழும்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள். நானும் அடிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் இந்த ஈ முதன்முதலாகத் தென்பட்டது. அதை அடக்கும் என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவியும் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆளைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். குளவிப்புழு அதை உள்ளிருந்தே தின்று வளரும்.

ஓலையைத் திருப்பி, ஈ சுரந்து வைத்திருக்கும் மெழுகுப் பஞ்சை ஊதிவிட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈக்குஞ்சின் கூடு கறுத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. காலிக்கூட்டில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. ஆங்கில ‘T’ எழுத்துபோல் பிளந்திருந்தால் வெளியேறியது ஈ. கறுத்த கூடுகள் நிறைய இருக்கும்போது மருந்து அடித்தால், முதலில் சாவது குளவிதான். ஈயோ மெழுகுக்கு அடியில், மருந்து சரியாக எட்டாத உயரத்தில் இருக்கும். அப்புறம் அது தடையில்லாமல் பெருகும்.

கேள்வி: எங்கள் தோப்பில் கறுத்த கூடே காணோம். குளவியை எங்கே வாங்குவது?

பதில்: குளவி நன்றாகப் பெருகிய தோப்பிலிருந்து, கறுத்த கூடுகள் உள்ள ஓலைத் துண்டுகளை வெட்டிவந்து உங்கள் மரங்களில் கட்டுங்கள். ஊடுபயிராக வாழை, வரப்பில் கல்வாழை இருந்தால் இன்னும் நல்லது. அவற்றிலும் வெள்ளை ஈ வரும், அதை நம்பிக் குளவியும் தங்கும்.

கேள்வி: மஞ்சள் ஒட்டுப்பொறி போதுமா?

பதில்: தனியாகப் போதாது. ஐந்தடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் ஆறடி உயரத்தில் கட்டலாம்.

கேள்வி: ஈ தீர்ந்ததும் குளவி பயிருக்குத் திரும்பாதா?

பதில்: திரும்பாது, இந்தக் குளவி பயிரைத் தின்பதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டியபோது, 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது, பயிருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஈ அடியோடு ஒழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் ஈ இருந்தால்தான் குளவியும் இருக்கும். வெயில் ஏறும்போது ஈ கூடும். அப்போது ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, குளவி பெருகக் கொஞ்ச நாள் விடுங்கள்.